நோம்பிச் சோறு

'கொங்கு நாட்டுச் சமையல்' என்று போர்டு மாட்டிய ஓட்டல்கள் இன்று கோவை, ஈரோடு தாண்டிச் சென்னை வரைக்கும் வந்துவிட்டன. சந்தவை, அரிசியும் பருப்பும், கொள்ளு ரசம், ஒப்புட்டு, கச்சாயம், பள்ளிபாளையம் கோழி என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. பங்குனி, சித்திரை வந்தால் பத்திரிகைகளும் தங்கள் பங்குக்குப் பண்டிகைச் சமையல் இணைப்பு போடுகின்றன. வாசித்துப் பார்த்தால் கொங்குச் சீமை முழுக்க ஒரே ஒரு சமையல்கட்டு இருந்தது போலவும், அதில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றது போலவும் தோன்றும். அந்தச் சமையல்கட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாதவர்கள் அதே நாட்களில் என்ன தின்றார்கள், எங்கே உட்கார்ந்து தின்றார்கள், தங்கள் அடுப்பில் எதைக் காய்ச்சினார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. சென்னிமலைச் சுற்றுவட்டாரத்து அருந்ததியர் வளவுகளை வைத்து அந்தக் கணக்கைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம்.

கொங்கில் பண்டிகைக்கு நோம்பி என்று பேர். தீபாவளி நோம்பி, பதினெட்டு நோம்பி, மாரியாத்தா நோம்பி. மாசிக் கடைசியில் ஆரம்பித்துச் சித்திரை முடிய நோம்பிகள் அடுத்தடுத்து வரும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்குக் காவடி போகும். பண்ணாரியில் குண்டம் இறங்குவார்கள். ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நடுவார்கள். காங்கயம் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரைத் திருவிழாவோடு மாட்டுச் சந்தையும் கூடும். ஊருக்கு ஊர் பூச்சாட்டி, கம்பம் நட்டு, பூவோடு எடுத்து, மாவிளக்கு வைத்து, கிடா வெட்டி, மஞ்சள் நீராடி முடிப்பார்கள். மலைமேல் இருக்கிற முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் போதும், ரத்தம் மாரியாத்தாளுக்குத்தான். காட்டு வேலை குறைந்து, வெயில் ஏறி, அறுத்த தானியம் களஞ்சியத்துக்குள் போய்ச் சேர்ந்த காலம் இது. யாருடைய களஞ்சியம் என்பதில்தான் எங்கள் கதை ஆரம்பிக்கிறது.

'நோம்பிச் சோறு' என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இரண்டு அர்த்தம் இருந்தது. கவுண்டர் வீட்டில் அது விருந்து. வளவில் அது, கவுண்டர் வீட்டு வாசலில் போசி ஏந்தி வாங்கி வருவது. ஒரே சொல், தெருவைத் தாண்டினால் வேறு பொருள்.

இதைப் பிச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. பண்ணையத்துக்கு வருஷக் கணக்கில் அமர்த்தப்பட்ட ஆளுக்குக் கூலி கம்பாகவும் சோளமாகவும் ராகியாகவும் வள்ளத்தில் அளந்து கொடுக்கப்பட்டது. ஆடு மேய்க்கும் பையனுக்கு ஒரு கணக்கு, உழவோட்டும் ஆளுக்கு ஒரு கணக்கு. கவலை இறைக்கிற தோல் சாலைத் தைத்துக் கொடுக்கவும், வருஷத்துக்குச் செருப்புத் தைத்துக் கொடுக்கவும் தனியாகத் தானியம். இந்தக் கூலியின் ஒரு பாகம்தான் நோம்பிச் சோறு. தானியக் கூலியைக் குறைத்து அளந்துவிட்டு, மிச்சத்தை வருஷத்தில் ஐந்தாறு நாள் குழம்பு ஊற்றிச் சோறாகக் கொடுத்து, அதற்குத் 'தர்மம்' என்று பேர் வைத்தார்கள். கூலியைக் கேட்டு வாங்கலாம். தர்மத்தைக் கும்பிட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கும்பிடுதான் பண்ணையத்துக்கு வேண்டியிருந்தது.

என் அப்பத்தா அந்த வரிசையில் நின்றவள். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்: "நோம்பியன்னைக்கு விடியறதுக்குள்ள போயிக் கட்டுத்தரை கூட்டி, சாணி அள்ளி, வெறகு பொளந்து அடுக்கோணும் கண்ணு. அப்பறம் பொழுது சாயற வரைக்கும் தொண்டுப்பட்டி ஓரத்துல குக்கிக்கிட்டு இருக்கோணும். அவிய ஒறம்பரையெல்லாம் தின்னு எந்திரிச்ச பொறவு, எட்ட நின்னு போசியில போடுவாங்க. சோறு, கொழம்பு, பொரியலு, ஒப்புட்டு, பாயாசம் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு. இனிப்பும் காரமும் கலந்து கெடக்கும். வளவுக்குக் கொண்டாந்து புள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுக்கறதுக்குள்ள பாதி ஊசிப்போயிரும்."

ஒப்புட்டைத் தனியாக, குழம்பு படாமல், கையில் எடுத்து அவள் தின்றது நாற்பது வயசுக்கு மேல்தானாம். அதுவரை ஒப்புட்டு என்றால் புளிப்பும் உறைப்பும் சேர்ந்த ஒரு பண்டம் என்றுதான் அவள் நாக்குக்குத் தெரியும். கொங்குச் சமையலைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் இந்த ருசியையும் ஒரு பக்கத்தில் சேர்க்கலாம்.

1960களின் நடுவில் காங்கயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர். கொங்கின் குடியானவச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972இல் வெளிவந்தது. இந்தப் பக்கத்துச் சாதிகளின் மேல் கீழ் வரிசையைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவிய அளவுகோல்களில் முக்கியமானது சோறு. யார் கைச் சோற்றை யார் வாங்குவார்கள், யார் எங்கே உட்கார்ந்து தின்பார்கள் என்று கவனித்தாலே ஊரின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது வந்து சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அச்சில் வந்திருப்பதால், 'அதெல்லாம் அந்தக் காலத்திலும் இல்லீங்க' என்று இப்போது வழுக்குபவர்களுக்குக் காட்ட உதவுகிறது.

இந்த வரைபடத்தின் சூத்திரம் எளிமையானது. கம்பை விதைத்தது எங்கள் கை. அறுத்ததும், கதிர் தட்டியதும், தூற்றியதும், மூட்டை பிடித்ததும் எங்கள் கை. அதுவரைக்கும் தீட்டு இல்லை. அதே கம்பை நனைத்து, இடித்து, உலையில் போட்டு எங்கள் கையால் கிண்டிவிட்டால் தீட்டு. பச்சையாக இருக்கும்வரை தொடலாம், வெந்துவிட்டால் தொடக்கூடாது. தானியத்துக்குச் சாதி இல்லை. தண்ணீரும் நெருப்பும் பட்ட நொடியில் சாதி வந்துவிடுகிறது. உழைப்பை எடுத்துக்கொள்ளவும், உழைத்தவரைத் தள்ளி நிறுத்தவும் இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்? 1927 மார்ச் 20ஆம் தேதி மகத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது கை வைத்தது இந்தச் சூத்திரத்தின் முதல் பாதியில். நெருப்பு இன்னும் பாக்கி இருந்தது.

சரி, வாங்கி வந்த சோறு ஒருபுறம் இருக்கட்டும். வளவின் சொந்த அடுப்பில் என்ன வெந்தது?

நிறைய வெந்தது. எங்கள் அம்மாக்களும் அப்பத்தாக்களும் கையேந்தி நின்றவர்கள் மட்டும் இல்லை, கெட்டிக்காரச் சமையல்காரிகளும்கூட. பங்குனி, சித்திரை பொறுக்குகிற காலம். மஞ்சள் வெட்டி முடித்த காட்டில் மண்வெட்டிக்குத் தப்பிய மஞ்சளைக் கிளறி எடுப்பார்கள். கடலைக்கொடி பிடுங்கிய காட்டில் மண்ணுக்குள் தங்கிவிட்ட தப்புக்கடலையைக் குச்சியால் குத்தி எடுப்பார்கள். புளியமரம் உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கூலியோடு கொஞ்சம் புளி. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த மஞ்சளில் எங்களுக்குப் பாத்தியதை இருந்தது வெட்டுக்குத் தப்பியதில் மட்டும்தான். ஒரு படி தப்புக்கடலை சேர்க்க ஒரு பகல் வெயில் வேண்டும். முதுகு வெடித்துவிடும்.

அதை வைத்து அப்பத்தா நோம்பிக் குழம்பு வைக்கும் விதம்: வரமிளகாய், மல்லி, சீரகம், பொறுக்கின மஞ்சள் எல்லாவற்றையும் ஓட்டில் வறுத்து அம்மியில் அரைப்பாள். சின்ன வெங்காயத்தை வதக்கி, புளி கரைத்து ஊற்றுவாள். தேங்காய்க்குப் பதிலாக வறுத்த தப்புக்கடலையை நுணுக்கிப் போட்டுக் குழம்பைக் கெட்டியாக்குவாள். கருவாடு கிடைத்தால் கருவாடு. பிள்ளைகள் வரப்பைத் தோண்டிப் பிடித்து வந்தால் வெள்ளெலி. வெள்ளெலியைத் தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, குழம்பில் போட்டால் அந்த வாசத்துக்கு ஈடு கிடையாது என்று சொல்லும்போதே அவளுக்கு எச்சில் ஊறும். தொட்டுக்க முருங்கைக்காய்; அது இந்த மாசத்தில் ஒடிய ஒடியக் காய்க்கும். சோறு கம்பஞ்சோறு அல்லது சோளச்சோறு. நெல்லுச்சோறு வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் நாட்களில்தான். பனை ஏறுகிறவர்கள் இரக்கப்பட்டால் நுங்கும், கொஞ்சம் தெளுவும். மாவிளக்குக்குக் கம்பு மாவும் கருப்பட்டியும். கோவிலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் வளவு வேப்பமரத்தடியிலேயே ஒரு கல்லை நட்டு அதற்குப் படைத்தார்கள். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற சனத்தின் மாரியாத்தா அங்கேதான் இருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறவர்கள் நம்மிலேயே உண்டு. மழை பொய்த்த வருஷங்களில் பங்குனி, சித்திரை மாடுகள் சாகும் காலம். தீவனம் இல்லாமல் ஒரு தோட்டத்தில் மாடு செத்தால் அங்கே அழுகை, வளவில் கறி. தோல் சாலுக்கும் செருப்புக்கும் போகும். கறியைக் கூறு போட்டு, மிச்சத்தை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காய வைத்தால் உப்புக்கண்டம், மழைக்காலம் வரை தாங்கும். 'நல்லாச் சாப்பிட்ட நோம்பி' என்று அப்பத்தா நினைவில் வைத்திருக்கும் வருஷங்கள் ஊருக்குப் பஞ்ச வருஷங்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மாதிரியான பெரும் பஞ்சங்களில் அந்தக் கறியும் கிடைத்திருக்காது. அரசாங்கத்தின் நிவாரண வேலையில் கூலியாகக் கொடுத்த தானியத்தை 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தது வரலாற்றில் பதிந்திருக்கிறது. எங்கள் வளவுகளிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பது பதியவில்லை.

செத்த மாட்டைத் தின்பதை விடச் சொல்லி அம்பேத்கர் 1927இல் மகத் மாநாட்டிலேயே வற்புறுத்தினார். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை விரிவாக விவாதித்தார். இதைச் சிலர் 'அம்பேத்கரே கறி தின்னாதே என்றார்' என்று சுருக்கி, நம் பிள்ளைகளுக்குச் சைவப் பாடம் எடுக்கிறார்கள். அவர் எதிர்த்தது கறியையா? பிறர் தூக்கி எறிந்ததை எடுத்துத் தின்னும்படி வைத்த ஏற்பாட்டையா? போசியில் விழுந்த ஒப்புட்டும் செத்த மாட்டுக் கறியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஒப்புட்டு சைவம் என்பதால் அது கௌரவமாகிவிடாது.

இந்த ஏற்பாடு உடைந்தது யாருடைய மனமாற்றத்தாலும் இல்லை. பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைச் சீமைக்கு வந்தது. பின்னால் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏற ஏறத் தோல் சாலுக்கு வேலை போயிற்று, அதோடு அந்தத் தானியமும் போயிற்று. 1955 வாக்கில் கீழ்பவானி அணை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் எட்டிய காடுகளில் நெல்லும், அடுத்த போகத்துக்குக் கடலையும் எள்ளும். எட்டாத மேட்டுக்காடுகளில் பழைய கம்பும் சோளமும்தான். நெல் நட, களை எடுக்க, அறுக்க நாள்கூலி ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒரே நாளில் பண்ணையம் ஒழிந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் ஆளை விடுவித்தது திருப்பூர் பனியன் கம்பெனியும், சென்னிமலைத் தறியும், பிறகு பெருந்துறை சிப்காட்டும்தான். வாரக் கூலி கையில் ரூபாயாக வந்தது. ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011இல் இலவசம். நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டும் என்றிருந்த வளவில் அது தினச்சோறு ஆயிற்று. (ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அதே கம்பங்கூழ் ஓட்டலில் மண்சட்டியில் வருகிறது. அதன் விலையைக் கேட்டால் அப்பத்தா சிரிப்பாள்.) பல்லடம், உடுமலைப் பக்கம் 1980களில் பெருகிய கறிக்கோழிப் பண்ணைகள் கோழியை மலிவாக்கின.

கைக்குக் காசு வந்ததும் வளவு முதலில் செய்தது கூறு போட்டது. பத்துக் குடும்பம் சேர்ந்து நோம்பிக்கு ஒரு வெள்ளாட்டங்கிடா வாங்கும். வாழையிலையில் பத்துக் குவியல். ஒவ்வொரு குவியலிலும் தொடைக்கறி, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் சமமாக விழ வேண்டும். குடலும் தலையும்கூடப் பிரிக்கப்படும். எந்தக் குவியல் யாருக்கு என்று, திரும்பி நிற்கிற ஒரு பிள்ளையைக் கேட்டு முடிவு செய்வார்கள். ஊர்க் கிடாவில் தலை இவருக்கு, தொடை அவருக்கு, குடல் மட்டும் தப்பட்டை அடித்த நமக்கு என்று சாதிப்படி பங்கு பிரித்ததைப் பார்த்து வளர்ந்த சனம், தன் காசில் வாங்கிய கிடாவை இப்படிப் பிரித்தது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கிடாவுக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. 1950ஆம் ஆண்டே போட்டுத் தூங்கிக் கிடந்த விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு தூசு தட்டி எடுத்தது. கோவில்களில் கிடாவும் கோழியும் வெட்டக்கூடாது என்று போலீஸ் வந்து நின்றது. சாமிக்கு ரத்தம் எதற்கு என்று பெரியார் தொண்டர் கேட்டால் அது நியாயமான கேள்வி, உட்கார்ந்து பேசலாம். இங்கே கேட்டது காக்கிச் சட்டை. உயிர்மேல் வந்த கருணை கோவில் வாசலோடு நின்றது, கறிக்கடை வாசலுக்குப் போகவில்லை. எவருடைய சாமி கறி தின்னாதோ அவருடைய பழக்கமே எல்லோருக்கும் சட்டம் என்பதைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. 2004 தொடக்கத்தில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், சட்டம் ரத்தாயிற்று. அந்தப் பங்குனியில் மாரியாத்தாளுக்கு வழக்கம்போலக் கிடா விழுந்தது.

போசி எடுத்துப் போவதை எங்கள் வளவில் நிறுத்தியது என் அம்மா காலத்துப் பெண்கள். கூட்டம் போட்டு நிறுத்தவில்லை. 1980களின் கடைசியில் ஒரு மாரியாத்தா நோம்பிக்கு, 'எங்க ஊட்லயே ஆக்கிட்டம்ங்க' என்று நாலைந்து பேர் போகாமல் இருந்துவிட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் ஒரு தோட்டத்தில் களைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிணற்றடிப் பைப்பில் தண்ணீர் பிடிக்கவும் தடை. "சோறு போடறோம்னு கூப்புட்டா வராத அளவுக்குத் திமுரா?" என்பதுதான் குற்றச்சாட்டு. வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்வதே கலகமாகிவிடுகிற ஊர் அது. இரண்டு மாசம் பட்டினியும் பாதி வயிறுமாகக் கிடந்தார்கள். கூப்பிட ஆள் இல்லாமல் களை முற்றியதும் தோட்டத்துக்காரர்களே ஆள் அனுப்பினார்கள். அடுத்த நோம்பிக்கு மேலும் பத்துப் பேர் போகவில்லை.

வாங்குவது நின்றது. கொடுப்பது? நம் கைச் சோற்றை அவர்கள் தின்பது? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்து அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஓர் அருந்ததியப் பெண் வந்தார். அந்தக் கைச் சோற்றை எங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியில் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு விலக்கப்பட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பள்ளிக்கூடத்து அரிசி அரசாங்க அரிசி. பருப்பு அரசாங்கப் பருப்பு. பச்சையாக இருந்தவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. சுதந்திர தினத்தன்று கோவில் மண்டபங்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. மந்திரியும் கலெக்டரும் நம் ஆட்களோடு உட்கார்ந்து தின்கிற படம் வருகிறது. அந்தப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று எல்லோரும் பார்க்கிறோம். அடுப்படியில் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இன்று வளவுகளில் பங்குனி, சித்திரையின் பெரிய நோம்பி எது என்று கேட்டால் இளவட்டங்கள் ஏப்ரல் 14 என்பார்கள். ஊர் சித்திரைக் கனி வைத்து, வேப்பம்பூ ரசம் வைத்து வருஷப் பிறப்பு கொண்டாடும் அதே நாள், 1891இல் அம்பேத்கர் பிறந்த நாள். தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள் என்று 2008இல் ஒரு அரசு சட்டம் போட்டது, 2011இல் அடுத்த அரசு அதைச் சித்திரைக்கே திருப்பியது. எங்கள் நோம்பி அந்தச் சண்டைக்கு வெளியே நிற்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல், வளவு முகப்பில் கொடி, அண்டா அடுப்பு, மத்தியானம் எல்லோருக்கும் சோறு. நம் தோழர்களுக்கு ஒரு குறை சொல்லி வைக்கிறேன். வீட்டில் தினமும் ஆக்குவது பெண்கள். அண்டாவைக் கிண்டி, போட்டோவுக்குக் கரண்டி பிடிப்பது ஆண்கள். வெங்காயம் உரிக்க மட்டும் மறுபடியும் பெண்கள். தப்புக்கடலையில் குழம்பு வைத்தவளின் பக்குவம் அந்த அண்டாவுக்குள் இறங்கவில்லை. டவுனிலிருந்து வந்த மாஸ்டர் சொன்ன பிரியாணிதான் இறங்கியது.

போன வருஷம் ஊருக்குள்ளும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். நோட்டீஸ் கொடுத்து, 'சாப்பிட வாங்க' என்று வாசலில் நின்று அழைத்தோம். கூடப் படித்தவர்கள், தறியில் கூட வேலை செய்கிறவர்கள் என்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை வாங்கித் தின்றான். மற்ற இரண்டு பேரும் படத்துக்குப் பூப்போட்டு, கும்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வயிறு சரியில்லையாம். வெயிலாக இருக்கிறது, மூடி போட்ட கலர் பாட்டில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார்கள். கடைக்குப் பையனை அனுப்பி வாங்கி வந்து கொடுத்தோம். மூடியை அவர்களே திறந்து குடித்தார்கள்.